செலவு வரி கண்ட கால்டோர்

மார்கழி நிறைமதியன்று சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால் எங்கள் நல்லதண்ணியின் முகமே மாறிவிடும். மற்ற மாதங்களில் கொழுந்துக் கூடைகளும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டுமே நடமாடும் வீதியில், வைகாசி நிறைமதி வரையில், நாட்டின் நாற்றிசையிலிருந்தும் யாத்திரிகர் வந்து குவிவர். சுவாமி மலைக்கு ஏறும் பாதைகளுள் இவ்வழியே குறுகியது. ஆகவே இரவு முழுவதும் கடைகளின் விளக்குகள் அணைவதில்லை.

சென்ற பருவத்தில் ஒரு மாலை நேரம், அக்கடைகளுள் ஒன்றில் நான் நின்றிருந்தேன். தலைநகரிலிருந்து பெரிய மோட்டார் வண்டியில் வந்திறங்கிய கனவான் ஒருவர் சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கினார். அவருக்கு அடுத்தாற்போல், கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் வழியில் வந்த பெண்ணொருத்தியும் அதே சவர்க்காரத்தை வாங்கினாள். விலை இருவருக்கும் ஒன்றே. அவ்விலையினுள் மறைந்திருந்த வரியும் ஒன்றே. 2024 ஜனவரி முதல் நம் நாட்டில் பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 18 வீதம் அல்லவா? சிறு கடைக்காரர் வரித் திணைக்களத்தில் பதிவு பெறாதவராயிருக்கலாம். ஆயினும் தொழிற்சாலையிலிருந்து புறப்படும்போதே பொருளின் மேல் வரி ஏறிக்கொள்கிறது. மலையடிவாரம் வரையில் அது பொருளோடு பயணம் செய்து, கடைசியாக வாங்குபவர் கையில் இறங்குகிறது.

வருமான வரி என்பது தொல்லை, அதனை ஒழித்துவிட்டு மக்கள் வாங்கும் பொருள்களின் மேல் மட்டும் வரி போட்டால் போதும் என்ற கருத்து இன்று உலகின் பல பகுதிகளில் பேசப்படுகிறது. அமெரிக்காவில் இதற்கென்றே 1999-இல் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது மீண்டும் மீண்டும் அந்நாட்டுக் காங்கிரஸில் முன்வைக்கப்பட்டும் இதுவரை சட்டமாகவில்லை. இக்கருத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவு வருகிறது. சம்பாதிப்பதற்கு அல்ல, செலவு செய்வதற்கே வரி விதிக்கவேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் யாவரினும் உரத்த குரலில் வாதித்தவர் அவர். அவ்வரியைச் சட்டமாக்கிப் பார்த்த நாடுகள் இரண்டே: ஒன்று இந்தியா, மற்றொன்று நமது இலங்கை. இரண்டிலும் அது நிலைக்கவில்லை. அவர் பெயர் நிக்கலஸ் கால்டோர். அவர் விரும்பிய செலவு வரியும் நாம் இன்று கடையில் செலுத்தும் வரியும் பெயரளவில் உறவினர் போலத் தோன்றினும், உள்ளத்தால் எத்தனை தொலைவில் நிற்பவை என்பதை அவர் வாழ்க்கை வரலாறு தெளிவாகக் காட்டும்.

புடாபெஸ்ட் நகரத்துச் சிறுவன்

1908 மே 12-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில், வசதியுள்ள யூதக் குடும்பமொன்றில் கால்டோர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். அந்நகரின் புகழ்பெற்ற மிந்தா உயர்தரப் பள்ளியில் கல்வி. ஆறு வயதில் முதல் உலகப் போர் மூண்டது. பதினொன்றாவது வயதை எட்டுமுன் பேரரசு சிதறிப்போனது. அதன்பின் புரட்சி அரசாங்கம் ஒன்று வந்து சில மாதங்களில் வீழ்ந்தது. பதினைந்து வயதில், ஜெர்மனியில் நாணயம் வெறுங் காகிதமாகிய 1923-ஆம் ஆண்டின் கொடுமையை ஐரோப்பா முழுவதும் கண்டது. சேமித்தவன் ஏமாந்தான், கடன்பட்டவன் தப்பினான், நிலமும் தங்கமும் வைத்திருந்தவன் மேலும் தடித்தான். இக்காட்சிகளினூடே வளர்ந்த ஓர் இளைஞன், வருமானம் என்ற சொல் ஒருவனுடைய உண்மையான வளத்தை அளக்கும் கோலாகுமா என்று பிற்காலத்தில் ஐயுற்றதில் வியப்பில்லை.

1925-இல் பெர்லின் பல்கலைக்கழகம் சென்றார். இரண்டாண்டுகளின் பின் இலண்டன் பொருளியற் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அல்லின் யங் என்னும் அமெரிக்கப் பேராசிரியரிடமும் லயனல் ராபின்ஸிடமும் பயின்று, 1930-இல் முதல் வகுப்பில் தேறி, அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். ஆஸ்திரிய அறிஞர் ஹயெக்கின் நூலொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களுள் கால்டோரும் ஒருவர். ஒரு நூலின் உள்ளே புகுந்து அதன் நரம்புகளைக் காண மொழிபெயர்ப்பைவிடச் சிறந்த வழியில்லை என்பதை எழுத்தாளர் அறிவர். மொழிபெயர்த்தவரே சில ஆண்டுகளில் அக்கொள்கைக்கு எதிர்ப்பாளராக மாறினார். 1934-இல் பிரித்தானியப் பிரஜையாகி, அதே ஆண்டில் கிளாரிஸாவை மணந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் நால்வர்.

1936-இல் கெய்ன்ஸ் தமது பெருநூலை வெளியிட்டபோது கால்டோர் அதன் பக்கம் சாய்ந்தார். போர்க்காலத்தில் இலண்டன் கல்லூரி கேம்பிரிட்ஜுக்கு இடம் மாறியது கெய்ன்ஸின் வட்டத்தோடு அவர் உறவை நெருக்கமாக்கிற்று. எல்லார்க்கும் வேலை என்னும் பொருள் குறித்து 1944-இல் பெவரிட்ஜ் பிரபு வெளியிட்ட நூலில், அதற்காகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் பிற்சேர்க்கையை எழுதியவர் கால்டோரே. கொள்கையை முழங்குவோர் பலர் இருக்க, அதற்கு எவ்வளவு பணம், யாரிடமிருந்து என்று கணக்குப் போட்டுத் தருவோர் சிலரே. கால்டோர் அச்சிலருள் ஒருவர். போருக்குப் பின் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதாரக் குழுவில் குன்னார் மிர்டாலின் கீழ் ஆராய்ச்சித் தலைவராயிருந்து, 1949-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

பருத்த உடலும் ஓயாத பேச்சும் உடையவர் அவர். கூட்டங்களில் கண்ணயர்ந்திருப்பார், திடீரென விழித்து, பேசியவரின் வாதத்தில் எந்த இடம் ஓட்டையோ அந்த இடத்தைத் தொட்டு வினாவுவார் என்று அவரோடு பழகியோர் கூறுவர்.

ஒரு பழைய எண்ணம் புத்துயிர் பெற்றது

1951-இல் பிரித்தானிய அரசாங்கம் வருமானத்தின் மீதும் இலாபத்தின் மீதுமான வரிகளை ஆராய ஓர் அரச ஆணைக்குழுவை அமைத்தது. கால்டோர் அதன் அங்கத்தவர். நான்கு ஆண்டுகள் சாட்சியங்களைக் கேட்டபின் அவர் மனத்தில் ஒரு முடிவு வேரூன்றியது. சம்பளக்காரனுடைய வருமானம் சல்லிக்காசு தவறாமல் கணக்கில் வருகிறது. செல்வனுடைய வருமானமோ பங்கு விலை ஏற்றமாகவும், நில மதிப்பின் உயர்வாகவும், கம்பெனிச் செலவில் அனுபவிக்கும் சுகமாகவும் உருமாறி, வரி அதிகாரியின் கைக்குள் அகப்படாமல் நழுவுகிறது. ஆகவே வருமான வரியின் உயர்ந்த வீதங்கள் ஏட்டில் பயமுறுத்துகின்றனவேயன்றி, நாட்டில் பலன் தருவதில்லை.

1955-இல் ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை வெளிவந்தபோது, கால்டோர் தொழிற்சங்கத் தலைவர் இருவருடன் சேர்ந்து தனிக் கருத்துரை ஒன்றை எழுதிச் சேர்த்தார். செலவு வரியைப் பற்றிய ஆராய்ச்சி குழுவின் வரம்புக்கு அப்பாற்பட்டது எனப்பட்டமையால், அதனைத் தனி நூலாகவே அதே ஆண்டில் வெளியிட்டார். அந்நூலே அவர் பெயரை ஆசிய நாடுகளுக்குக் கொண்டுவந்தது.

எண்ணம் புதியதன்று. பொதுக் களஞ்சியத்தில் ஒருவன் கொண்டுவந்து சேர்ப்பதற்கல்ல, அதிலிருந்து எடுத்துத் தனக்கென அனுபவிப்பதற்கே வரி தகும் என்று 1651-இலேயே தத்துவ அறிஞர் ஹாப்ஸ் எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ஸ்டுவர்ட் மில் இதனை நியாயமென ஒப்புக்கொண்டும், நடைமுறைக்கு ஒவ்வாதென்று கைவிட்டார். 1942-இல் அமெரிக்கத் திறைசேரி போர்ச் செலவுக்காக இத்தகைய வரி ஒன்றை முன்மொழிந்தபோது காங்கிரஸ் மறுத்துவிட்டது. நடைமுறைக்கு ஒவ்வாது என்ற அந்த ஒற்றை முட்டுக்கட்டையைத் தள்ளிவிடுவதே கால்டோர் மேற்கொண்ட வேலை.

அவர் காட்டிய வழி இதுதான். ஒருவன் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் எண்ண வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் அவனிடமிருந்த பணம், ஆண்டில் வந்த வரவு, விற்ற சொத்தின் தொகை, வாங்கிய கடன் ஆகியவற்றைக் கூட்டுக. அத்தொகையிலிருந்து அவன் வாங்கிய சொத்தையும் கொடுத்த கடனையும் ஆண்டு முடிவில் மீந்த பணத்தையும் கழித்துவிடுக. எஞ்சுவதே அவன் வாழ்ந்த வாழ்வின் விலை. அதில் சாதாரண வாழ்வுக்கு வேண்டிய அளவை விலக்கிவிட்டு, அதற்கு மேற்பட்டதற்குப் படிப்படியாக உயரும் வீதத்தில் வரி விதிக்க வேண்டும்.

எளிய உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஓராண்டில் ஒரு இலட்சம் சம்பாதித்து முப்பதினாயிரம் செலவிட்டு மீதியைத் தொழிலில் இடும் ஒருவனையும், முப்பதினாயிரமே சம்பாதித்து, பாட்டன் நிலத்தை விற்றுத் தொண்ணூறாயிரம் செலவழிக்கும் மற்றொருவனையும் ஒப்பிடுக. வருமான வரி முதலாமவனைப் பிழிந்து இரண்டாமவனைத் தடவிக்கொடுக்கும். கால்டோரின் வரி இதற்கு நேர்மாறானது. சவர்க்காரம் வாங்கிய கொழுந்துப் பெண் இவ்வரியின் வாசற்படியைக்கூட மிதிக்கமாட்டாள். மோட்டார் வண்டிக் கனவான், வண்டியின் நீளத்துக்கேற்ப, மேற்படியில் நின்று செலுத்துவார். நுகர்வின் மீதான வரி என்ற ஒரே பெயரில் உலவும் இருவகை வரிகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒன்று பொருளைப் பார்க்கிறது, மற்றது ஆளைப் பார்க்கிறது.

பாரதத்தில்

1956-இன் தொடக்கத்தில் கால்டோர் இந்தியாவுக்கு வந்தார். பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியற் கழகத்தின் ஆதரவில் சில மாதங்கள் ஆராய்ந்து வரிச் சீர்திருத்த அறிக்கையை அளித்தார். ஆண்டுதோறும் ஏய்க்கப்படும் வருமான வரி 200 கோடியிலிருந்து 300 கோடி ரூபாய் வரையில் இருக்கலாமென்று அவர் கணித்தது நாட்டைத் திடுக்கிட வைத்தது. வருமான வரியின் உச்ச வீதம் நூற்றுக்கு 45-க்கு மேல் போகலாகாது என்றும், அதற்கு ஈடாகச் செல்வ வரி, மூலதன ஆதாய வரி, நன்கொடை வரி, செலவு வரி ஆகியவற்றை ஒருங்கே விதிக்கவேண்டும் என்றும் கூறினார். இவை ஒன்றையொன்று காவல் காப்பவை. ஒன்றில் மறைப்பவன் மற்றொன்றில் அகப்படுவான். சொத்தைக் குறைத்துக் காட்டினால் செலவு கூடித் தோன்றும். செலவைக் குறைத்துக் காட்டினால் மீந்த பணம் சொத்தில் தலைகாட்டும்.

1957-இல் நிதியமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தமிழ்நாட்டவர், வணிகத்தின் நெளிவுசுளிவுகளை உள்ளிருந்து கற்றவர், செல்வ வரியையும் செலவு வரியையும் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். உலகிலேயே முதன்முறையாகச் செலவு வரி சட்டமாயிற்று. உச்சப் படியில் செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்னொரு ரூபாய் வரி. ஏட்டில் பார்த்தால் கால்டோரின் கனவு பலித்தது போலவே தோன்றும்.

ஆனால் சட்டத்தினுள்ளே ஓர் ஓட்டை இருந்தது. வரி போக எஞ்சிய வருமானம் 36,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கே இவ்வரி என்று எழுதிவிட்டார்கள். வருமானம் குறைவாகக் காட்டி, சொத்தை விற்று ஆடம்பரமாக வாழ்பவனைப் பிடிக்கவே இவ்வரி பிறந்தது. வருமானத்தையே அதன் வாசற்படியாக வைத்தால், பிடிக்கவேண்டியவன் வெளியே நின்றுகொள்ள மாட்டானா? திருமணச் செலவு, மருத்துவச் செலவு முதலிய விலக்குகளும் சேர்ந்தன. வருமான வரியின் உச்ச வீதமோ கால்டோர் கேட்ட அளவுக்கு இறங்கவில்லை. மருந்தின் ஒரு பகுதியை மட்டும் உட்கொண்டு, பத்தியத்தையும் விட்டுவிட்ட நோயாளியின் கதையாயிற்று.

1958 பெப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். கிடைத்த வருவாய் மிகச் சொற்பம் என்று 1962-இல் மொரார்ஜி தேசாய் செலவு வரியை நீக்கினார். மீண்டும் நிதியமைச்சரான கிருஷ்ணமாச்சாரி 1964-இல் அதனைத் திரும்பக் கொணர்ந்தார். 1966-இல் அடுத்தவர் வந்து இறுதியாக எடுத்துவிட்டார். பின்னர் 1987-இல் செலவு வரி என்ற அதே பெயரில் இந்தியாவில் வேறொரு சட்டம் பிறந்தது. அது உயர்தர ஹோட்டல்களின் கட்டணச் சீட்டின் மேல் விதிக்கப்பட்ட வரி. பெயர் பிழைத்தது, பொருள் மாறிவிட்டது. ஆளை அளக்கப் பிறந்த வரி, சீட்டை அளக்கும் வரியாகிவிட்டது.

இலங்கையில்

கால்டோரின் இலங்கை வருகையைச் சொல்லுமுன், இந்நாட்டு வரிகளின் பழங்கதையைச் சிறிது நோக்குதல் தகும். 1932-க்கு முன் இலங்கையில் வருமான வரி என்பதே கிடையாது. அரசாங்கம் சுங்கத்திலும் உப்பிலும் சாராயத்திலும் புகைவண்டியிலும் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லுக்கு வரி இருந்தது. இறக்குமதியாகும் அரிசிக்கும் தீர்வை இருந்தது. கடல் கடந்து வந்து இம்மலைகளில் கோப்பியும் தேயிலையும் நட்ட நம் முன்னோர் உண்டது அந்த இறக்குமதி அரிசியையே. நெல்வரி கட்ட இயலாத சிங்களக் குடியானவர் பலர், இதே நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில், 1880-களில் தம் வயல்களை இழந்து தவித்தனர். அத்துயரம் ஆங்கில நாட்டு மேடை வரையில் எட்டியபின், தேசாதிபதி ஆர்தர் ஹவ்லொக் காலத்தில், 1892-இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது. அரிசித் தீர்வை மட்டும் தொடர்ந்தது.

உண்பதற்கும் உடுப்பதற்கும் வரி கொடுத்தே ஓர் அரசாங்கத்தை நடத்துவது என்பது, ஆகவே, இம்மலைநாட்டுக்குப் புதிய கண்டுபிடிப்பன்று. நாம் ஏற்கெனவே வாழ்ந்து கடந்த காலம் அது. வருமான வரி வந்த பிறகே, இருப்பவனும் தருக என்ற நியாயம் இந்நாட்டுச் சட்டத்தில் ஏறிற்று.

1958-இல் பிரதமர் பண்டாரநாயக்காவின் அழைப்பின் பேரில் கால்டோர் இலங்கை வந்தார். நேர்முக வரிகளனைத்தையும் ஒரே விவரப் படிவத்தில் அடக்கும் திட்டத்தை வரைந்து கொடுத்தார். பரப்பளவில் சிறிய நாடு. செல்வரோ எண்ணத்தக்க சிலர். ஆகையால் இந்தியாவில் முடியாதது இங்கு முடியும் என்று நம்புவதற்கு இடமிருந்தது. 1959-இல், ஸ்டான்லி டி சொய்சா நிதியமைச்சராயிருந்த காலத்தில், செல்வ வரி, நன்கொடை வரி, செலவு வரி ஆகியவை சட்டமாயின. அவ்வாண்டு செப்டம்பரில் பிரதமர் கொலையுண்டார்.

இச்சட்டம் நிறைவேறிய பாராளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தோருள் மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலார் இலர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949-இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்தம் குடியுரிமையையும் வாக்கையும் பறித்திருந்தன. அவர்கள் பறித்த கொழுந்தின் மீதான ஏற்றுமதித் தீர்வையோ திறைசேரியின் தூண்களுள் ஒன்றாயிருந்தது. தீர்வைக்கு இருந்த இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. செல்வரின் செலவை அளக்கும் சட்டம் வாழ்ந்தால் என்ன, வீழ்ந்தால் என்ன என்று சொல்வதற்குக்கூட அவர்கள் சபையில் குரலற்றிருந்தனர்.

செலவு வரி இலங்கையில் 1963-இல் நீக்கப்பட்டது. 1976-இல் மீண்டும் விதிக்கப்பட்டு, 1977-இல் ஆட்சி மாறியதும் மறைந்தது. செலவைக் கணக்கிட வேண்டுமாயின் சொத்தும் கடனும் வெளிவந்தாக வேண்டும். அக்காலத்தில் நிலமும் நகையும் ரொக்கமுமாயிருந்த செல்வத்தை எழுத்தில் பிடிக்கப் போதிய அதிகாரிகளும் இல்லை, பதிவேடுகளும் இல்லை. ஆயினும் கால்டோர் இத்தோல்விக்கு எழுத்தர் குறையை முதற் காரணமாக ஏற்கவில்லை. வளர்முக நாடுகள் வரி விதிக்கக் கற்குமா என்ற வினாவை எழுப்பி 1963-இல் அவர் எழுதிய கட்டுரையில், சட்டம் இயற்றும் இடத்தில் செல்வர் செலுத்தும் செல்வாக்கே பெருந்தடை என்று வாதித்தார்.

தீயும் புகையும்

அவர் சென்ற நாடுகள் வேறும் பல. 1961-இல் கானா நாட்டுக்கு ஆலோசகரானார். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஊழியரின் ஊதியத்தில் கட்டாயச் சேமிப்பு பிடிக்கப்பட்டபோது துறைமுகத்திலும் புகைவண்டியிலும் வேலை நிறுத்தம் வெடித்தது. தென்னமெரிக்காவின் பிரித்தானிய கயானாவில் அப்போது ஆட்சித் தலைவராயிருந்தவர் செட்டி ஜகன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல் அவர். தோட்டத்து மகன் ஒருவர் நாடாள வந்த அந்த அரசாங்கத்துக்குக் கால்டோர் வரைந்த வரித் திட்டம், 1962 பெப்ரவரியில் பெருங் கலவரத்துக்கு ஏதுவாயிற்று. தலைநகர் ஜோர்ஜ்டவுனின் வணிகப் பகுதி தீக்கிரையானது. இன வேற்றுமையும் வெளிநாட்டுச் சூழ்ச்சியும் அத்தீயில் எண்ணெய் ஊற்றின என்பது மெய். எனினும் கால்டோர் காலடி வைத்த இடமெல்லாம் கலவரம் என்று பரிகாசம் செய்வோருக்கு அது வாய்ப்பாயிற்று.

இப்பழியில் ஓரளவு நியாயமும் உண்டென்றே நான் கருதுகிறேன். காகிதத்தில் பொருந்துவதெல்லாம் நாட்டிலும் பொருந்தும் என்று அவர் எளிதில் நம்பினார். விரைவில் வந்து விரைவில் எழுதிக்கொடுத்துவிட்டு விமானமேறும் அறிஞர்க்கு, அத்திட்டத்தை நாள்தோறும் நடத்தவேண்டிய எழுத்தரின் மேசை தெரிவதில்லை. வரி கொடுப்போரின் மனமும் அவர்க்குத் தெரிவதில்லை. ஆனால் அவர் எண்ணியது தமக்காக அன்று. அவர் திட்டங்களிலெல்லாம் ஒரே நோக்கம் இழையோடுகிறது. வரிச்சுமையைச் சுமக்கும் வலிமை யார் தோளிலோ அத்தோளைத் தேடிக் கண்டுபிடிப்பதே அது.

பிரபுக்கள் சபையில்

1964-இல் பிரித்தானியாவில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் கால்டோர் நிதியமைச்சர் கலகனுக்கு வரி ஆலோசகரானார். 1965-இல் அங்கு மூலதன ஆதாய வரியும் கம்பெனி வரியும் புதிய உருப்பெற்றதில் அவர் பங்கு பெரிது. 1966-இல் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 1974-இல் பிரபுப் பட்டம் பெற்று மேற்சபையில் அமர்ந்தார். செலவு வரியை அவர் தாய்நாடாகக் கொண்ட பிரித்தானியா ஒருபோதும் ஏற்கவில்லை. 1978-இல் பேராசிரியர் மீட் தலைமையிலமைந்த குழு அதனைப் பரிந்துரைத்தபோதும் அரசாங்கம் அசையவில்லை.

ஆனால் மறு ஆண்டே வேறொன்று நிகழ்ந்தது. 1979-இல் திருமதி தாட்சரின் அரசாங்கம் முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே வருமான வரியின் உச்ச வீதத்தை 83-இலிருந்து 60-க்கு இறக்கியது. அதே கையால், பெரும்பாலான பொருள்களின் மீது 8 வீதமாயிருந்த பெறுமதிசேர் வரியை 15-க்கு உயர்த்திற்று. வருமானத்திலிருந்து நுகர்வுக்கு வரி இடம்பெயரத்தான் செய்தது. ஆனால் கால்டோர் காட்டிய வாசல் வழியாக அன்று. ஏறுபடி வரிசை அங்கே இல்லை, விலக்களவு ஆளுக்கேற்ப இல்லை. உச்சியிலிருந்து இறக்கிய சுமை கடைவீதியில் வந்து இறங்கிற்று. அவ்வரசாங்கத்தின் பொருளாதாரக் கொள்கையை முதியவராகிய கால்டோர் மேற்சபையில் இடைவிடாது எதிர்த்துப் பேசிவந்தார். அப்பேச்சுக்கள் 1983-இல் நூலாக வெளிவந்தன. 1986 செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் காலமானார்.

நமக்கு விட்டுச் சென்ற வினா

வரித் தோல்விகளின் வரலாறு என்றே கால்டோரின் வாழ்வைச் சிலர் சுருக்கிவிடுவர். நான் அவ்வாறு நினைப்பதில்லை. ஒரு மருந்து பலிக்கவில்லை என்பதால் நோயை அறிந்து சொன்னவன் வைத்தியனல்லன் என்றாகிவிடாது.

பொருள் வரிக்காக வாதிப்போர் கூறுவதிலும் உண்மையுண்டு. திரட்டுவது எளிது. சேமிப்பை அது தண்டிப்பதில்லை. வருமானத்தை ஒளிப்பவனும் கடைக்கு வந்தாக வேண்டும். நான் முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்க மசோதாவிலும், ஏழைக் குடும்பத்துக்கு அடிப்படைத் தேவைக்கான வரியை மாதந்தோறும் முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. கால்டோர் எழுப்பிய வினாவுக்கு விடை சொல்லாமல் தப்பமுடியாது என்று அதனை வரைந்தோரும் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அந்த ஏற்பாடே சான்று. நம் நாட்டிலும் அரிசிக்கும் பாணுக்கும் பெறுமதிசேர் வரியில்லை. ஆனால் சவர்க்காரமும் பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டும் அவ்விலக்குக்குள் அடங்குவதில்லை.

எண்களைக் கொண்டே பார்ப்போம். 2024 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாயென வரையறுக்கப்பட்டது. மாதம் 25 நாள் தவறாது வேலை கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 4 இலட்சத்து 5 ஆயிரம் ரூபாயே சேரும். அவ்வாண்டில் வருமான வரி தொடங்கும் எல்லை 12 இலட்சம். எனவே வருமான வரியின் பார்வையில் அவள் வரி கொடுக்கும் ஆற்றல் இல்லாதவள். பெறுமதிசேர் வரியின் பார்வையிலோ அவளும் ஒரு வாடிக்கையாளர். ஈட்டுவதனைத்தையும் செலவிட்டே வாழவேண்டிய அவளுக்குச் சேமிப்பு விலக்கினால் வரும் ஆதாயம் யாது? சேமிக்கக்கூடியவனுக்கே அது சலுகை.

2019 டிசம்பரில் நம் நாடு பெறுமதிசேர் வரியை 15-இலிருந்து 8-க்கு இறக்கிற்று. அதனோடு வருமான வரியின் எல்லையையும் மிக உயர்த்திற்று. நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 12-க்கு மேலாயிருந்த அரசாங்க வருவாய் 2021-இல் 9-க்கும் கீழே சரிந்தது. 2022 ஏப்ரலில் கடன் தவணை கட்டமுடியாமல் நாடு கைவிரித்தது. பின்னர் திறைசேரியை நிரப்ப வேண்டி வந்தபோது, பெறுமதிசேர் வரி முதலில் 12, பிறகு 15, இறுதியில் 18 என்று ஏறிற்று. வருமான வரியும் உயர்ந்ததுதான். ஆயினும் எல்லையைக் கடக்காத இலட்சக்கணக்கானோர் பங்கு, கடை வழியாகவே வசூலாயிற்று.

கால்டோர் காலத்தில் கணக்கெடுக்க இயலாதிருந்த பல இன்று எழுத்தில் உள்ளன. வங்கிக் கணக்கும், வாகனப் பதிவும், கடனட்டைச் செலவும் கணினியில் கிடக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியோர் வரிப் பதிவு இலக்கம் பெறவேண்டுமென்று 2024-இல் அரசாங்கமே அறிவித்தது. எழுத்தர் இல்லை, ஏடு இல்லை என்ற பழைய சாக்கு வலுவிழந்துவிட்டது. அவர் சொன்ன மற்றத் தடைதான் எஞ்சி நிற்கிறது.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் மலைமேல் விளக்கு வரிசை ஏறிக்கொண்டிருக்கிறது. அவ்விருளில் யார் கனவான், யார் கொழுந்துப் பெண் என்று தெரிவதில்லை. சுவாமி பாதத்தை நாடிச் செல்லும் வழியில் அவ்வாறு வேறுபாடு தெரியாதிருப்பது அழகே. வரி வாங்கும் இடத்தில் அது தெரியாதிருப்பது அழகன்று. வருமான வரியை எடுத்துவிட்டு நுகர்வு வரியே போதும் என்று இனி யாரேனும் நம் மாணவரிடம் கூறுவாராயின், மாணவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. எந்த நுகர்வு, சவர்க்காரத்தின் விலையா, அல்லது அதை வாங்கியவரின் வாழ்வா? கால்டோர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து இவ்வினாவே.